அசல் சான்றுகளுடன் நேரில் வரவும்

1

2025 ஜூலை 14, திங்கட்கிழமை, காலை ஒன்பது நாற்பது. செம்பூரில் மூன்றாவது நாளாக மழை. காற்று கிடையாது, நேராக விழுகிற மழை. சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு, முப்பத்தேழு வருஷம் சம்பளம் வாங்கிச் செய்த வேலையை மறுபடியும் செய்ய உட்கார்ந்தேன். ஆள் தேவை என்று விளம்பரம் எழுதுகிற வேலை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்து இருபத்தொரு வயதில் பம்பாய் வந்தவன். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியின் பணியாளர் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதே பிரிவில் அதே ஜன்னலோரம் ஓய்வு பெற்றேன். டைப்பிஸ்ட், ஸ்டோர் கீப்பர், பியூன், டிரைவர், நர்ஸ் என்று அறுநூற்றுச் சொச்சம் விளம்பரங்கள் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் விளம்பரத்தின் வேலை ஆட்களைக் கூப்பிடுவது என்று நினைத்தார்கள். ஆட்களை நிறுத்துவதுதான் அதன் வேலை என்பது என் கட்சி. எழுபது விண்ணப்பம் வந்தால் எழுதினவனுக்கு எழுதத் தெரியவில்லை. நான்கு வந்தால், அதில் மூன்று தேறினால், அதுதான் விளம்பரம். மேலதிகாரி ஒருவர் என் விளம்பரத்தைப் படித்துவிட்டு, "இதைப் பார்த்தால் நானே பயந்து வரமாட்டேன்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அன்று எழுதியது இது:

"தேவை: வயதான பெண்மணியைப் பகல் வேளையில் கவனித்துக்கொள்ளப் பெண் உதவியாளர். வயது 35 முதல் 50 வரை. தமிழ் சரளமாகப் பேச வேண்டும். முன் அனுபவமும் நன்னடத்தையும் அவசியம். தகுதிக்கேற்ற சம்பளம். மும்பை முகவரிக்கான அசல் ரேஷன் கார்டு, அசல் மின்கட்டண ரசீது, ஆதார் ஆகிய சான்றுகளுடன் நேரில் வரவும். சான்றில்லாதவர்கள் வர வேண்டியதில்லை."

கீழே செம்பூர் முகவரியும் என் போன் நம்பரும். நாற்பது பிரதி எடுத்தேன். தாராவியில் பதினாறு, மாட்டுங்கா லேபர் கேம்பில் பதினான்கு, வடாலாவில் பத்து ஒட்டச் சொல்லி ஓர் ஆளுக்குக் காசு கொடுத்தேன்.

2

வயதான பெண்மணி என்று எழுதினேனே, அது என் மனைவி செண்பகம். வயது எழுபத்தொன்று. மறதி நோய் தொடங்கி நான்கு வருஷம் ஆகிறது.

முதலில் ஆங்கிலச் சொற்கள் போயின. அது பெரிய நஷ்டமில்லை. பிறகு இந்தி போயிற்று. காய்கறிக்காரியிடம் மராட்டியில் சண்டை போட்டுக் கொத்தமல்லியை இனாமாக வாங்கி வந்தவள், ஒருநாள் அதே காய்கறிக்காரி பேசப் பேச அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த தமிழ் மட்டும் மிச்சம் இருந்தது.

இதில் ஒரு சங்கடம் சேர்ந்தது. சுற்றிலும் புரியாத பேச்சாக இருக்கவே, தான் ரயிலில் போய்க்கொண்டிருப்பதாக அவள் முடிவு செய்துவிட்டாள். எங்கள் இரண்டு அறை வீடு அவளுக்கு ஒரு கம்பார்ட்மெண்ட். "இந்த வண்டி ஏன் நிக்கவே மாட்டேங்கு? நான் எறங்கணும்லா" என்பாள். கல்யாணமான புதிதில் முதல் பிரயாணத்தில், ரயிலில் தெரியாதவர்கள் எது கொடுத்தாலும் வாங்கித் தின்னாதே, மயக்க மருந்து கலந்திருப்பார்கள் என்று நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். எத்தனையோ மறந்தவள் அதை மறக்கவில்லை. ஆள் அனுப்புகிற நர்ஸிங் பீரோவிலிருந்து வந்த ஆயாக்கள் கரண்டியை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். நல்ல பெண்கள்தான். நாசிக் பக்கத்துப் பெண் ஒருத்தி பாட்டெல்லாம் பாடிப் பார்த்தாள். மூன்று மாதத்தில் ஐந்து பேர் மாறினார்கள்.

நான் கொடுத்தால் வாங்குவாள், சில நாள். சில நாள் நானும் யாரோ. எனக்கும் கை நடுங்கும்; தூக்கி உட்கார வைக்கத் தெம்பில்லை.

எங்கள் ஒரே மகள் மீனா பாண்டுப்பில் இருக்கிறாள். வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை வருவாள். தமிழ் பேசுவாள், ஆனால் அவசரம் என்றால் இந்திதான் வாயில் வரும். ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, சாதத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு, "அம்மா, தோடா சா கா லோ நா" என்று, கொஞ்சமாவது சாப்பிடச் சொல்லி இந்தியில் கெஞ்சினாள். செண்பகம் முந்தானையை இழுத்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்து, "இது யாரு? நம்ம சீட்டுல வந்து உக்காந்திருக்கு" என்றாள். மீனா தட்டை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பதினைந்து நிமிஷம் தண்ணீர் ஓடியது.

ஜூலையில் எடை முப்பத்தெட்டு கிலோ. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றார் டாக்டர். தன் சேலை மடிப்பைக்கூட யாரும் தொட விடாதவள் அவள். கையைக் கட்டி வைத்துத்தான் குழாய் போடுவார்களாம்.

ஆகவே விளம்பரம்.

3

மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை.

முதல் வாரம் எனக்குக் கவலையில்லை. விளம்பரம் தன் வேலையைச் செய்கிறது, தகுதியில்லாதவர்களை நிறுத்திக்கொண்டிருக்கிறது என்று இருந்தேன். இரண்டாம் வாரம் மீனா என் தாளைப் போட்டோ எடுத்து, தனக்குத் தெரிந்த தமிழ்க் குழுக்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. மேலே, "தமிழ் ஆயா வேண்டும், அவசரம்" என்று இந்தியில் ஒரு வரி சேர்த்தாள். என் வரிகளை அவள் படித்திருந்தால் அப்போதே ஒரு கேள்வி கேட்டிருப்பாள் என்று இன்றும் நினைக்கிறேன். எனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டத் தெரிந்தது. அவளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்க நேரம் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு போன் வந்தது. இரண்டு நாளில் முப்பத்தொரு அழைப்பு. பதினொருவர் ஏஜெண்டுகள். ஒருவன் வாட்ச்மேன் வேலை இருக்கிறதா என்று கேட்டான். தெலுங்குப் பெண் ஒருத்தி, "தமிழும் தெலுங்கும் ஒண்ணுதான் சார், பழகிடும்" என்றாள். தமிழ் எம்.ஏ. படித்த ஒரு பெண் வடாலாவிலிருந்து பேசினாள். "வேலை ஆபீஸ்லயா சார்?" என்றாள். இல்லை என்றதும், "பரவாயில்லை, எங்க அத்தைகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள். கேட்டுச் சொல்லவில்லை. மற்றவர்களிடம், அசல் ரேஷன் கார்டு கொண்டு வாருங்கள் என்பேன். உடனே லைன் போய்விடும்.

ஊரில் எங்கள் தெருவில் இப்படி ஓர் ஆள் வேண்டுமென்றால் பூக்காரியிடம் சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். அந்த இரண்டு பேரையும் வேறு வேலை கிடைக்காத வறுமைதான் அனுப்பியது என்பது எனக்குத் தெரியும், அதனால் அதை நினைத்து ஏங்கவில்லை. ஆனால் பூக்காரி யாரிடமும் மின்கட்டண ரசீது கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

4

ஆகஸ்ட் 6, புதன்கிழமை, பக்கத்து வீட்டு அம்மாளை ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லிவிட்டு, புதிதாகப் பத்துப் பிரதிகளும் ஒரு பசை டப்பாவும் எடுத்துக்கொண்டு நானே தாராவிக்குப் போனேன். ஒட்டின ஆள் ஒழுங்காக ஒட்டவில்லை என்ற சந்தேகம்.

ஒழுங்காகத்தான் ஒட்டியிருந்தான். எல்லாவற்றையும் கிழித்திருந்தார்கள். ஒரு தையல் கடையின் பக்கச் சுவரில் பாதி மிச்சம் இருந்தது. அதன் மேல் புதியதை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது.

"ஏ முருகேசா, இங்கன வா. அந்தப் பேப்பரு ஆளு சிக்கிட்டாரு."

தையல்காரர் கழுத்தில் டேப்போடு வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர்.

"யாருவே நீரு?"

"இந்த விளம்பரம் நான் ஒட்டியதுதான்" என்றேன்.

"ஒட்டுனதத்தான் பாத்துக்கிட்டு நிக்கேன். எந்த பில்டரு ஆளுன்னு கேக்கேன்."

"பில்டர் இல்லை. என் மனைவியைப் பார்த்துக்கொள்ள…"

"எல்லாவனும் ஒரு கதையோடதான் வாரான். போன மாசம் ஒருத்தன் இன்சூரன்ஸுன்னு வந்தான்."

அவர் என் தாளைச் சுவரிலிருந்து உரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் போலிருந்தது.

"'அசல் ரேஷன் கார்டு, அசல் மின்கட்டண ரசீது.' கேட்டியளா? ஆயா வேலைக்கு லைட்டு பில்லு எதுக்குவே? கரண்டு போனா அதக் கொளுத்தி வெளிச்சம் பாக்கவா?"

சிரித்தார்கள். ஒரு கிழவர் சிரிக்காமல் என் பசை டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சம்பளம் எம்புட்டு? போடல. நோயாளிக்கு என்ன சீக்கு? போடல. எத்தன மணிக்கு வரணும்? அதுவும் போடல. எங்க வீட்டுப் பேப்பரு மட்டும் ஒண்ணு விடாம வேணும். அதத் தெளிவா போட்டிருக்கீரு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பகுதியையே இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள், அதற்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள் என்று தினமும் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருந்தேன். யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்பதைப் பழைய ரேஷன் கார்டும் பழைய மின்ரசீதும்தான் தீர்மானிக்கும். ஒவ்வொரு குடும்பமும் அவற்றைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறது. அசலைக் கேட்கிறவன் அங்கே திருடன். நான் நாற்பது திருட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேன், முகவரியோடு.

இதையெல்லாம் நிதானமாக விளக்கியிருக்கலாம். யாரோ என் பையைப் பிடித்து இழுத்ததில் நிதானம் போய்விட்டது. ஐம்பது வருஷமாக ஆபீசுக்கும் ரயிலுக்கும் என்று வைத்திருந்த பேச்சும் போயிற்று.

"எம் பொண்டாட்டி சோறு திங்க மாட்டேங்காவே. மூக்குல கொழா போடணுங்கான் டாக்டரு. அவளுக்குத் தமிழத் தவிர ஒண்ணும் வெளங்கல. நான் என்ன செய்ய?"

என் பையை இழுத்தவன் இழுப்பதை நிறுத்தினான்.

"அய்ய, நம்ம பக்கத்துப் பேச்சுல்லா பேசுதாரு" என்றாள் முதலில் கூப்பிட்ட பெண்.

"எந்த ஊரு?" என்றார் முருகேசன்.

"அம்பாசமுத்திரம்."

"அத மொதல்லயே இப்படிச் சொல்லப்படாதா? கோர்ட்டு சம்மன் மாதிரில்லா எழுதி ஒட்டியிருக்கீரு." பையைப் பிடித்திருந்தவனை ஒரு பார்வை பார்த்தார். ஒரு ஸ்டூல் வந்தது. டீ வந்தது.

வேறு தாளில் திருத்தி எழுதித் தருகிறேன் என்றேன். அவர் கையை ஆட்டினார். "எழுதி ஆருக்கு? எம் மவனுக்கு அவன் பேரே தமிழ்ல எழுதத் தெரியாது. பொம்பளையாளுக எல்லாம் பேசத்தான் செய்வாளுவ, படிக்க மாட்டாளுவ. இப்ப சொன்னேருல்லா, அதயே இதுல சொல்லும்." போனை என் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

அறுநூறு விளம்பரம் எழுதினவனுக்குத் தொடங்கத் தெரியவில்லை. "தேவை" என்று ஆரம்பித்தேன். "அது வேண்டாம்" என்று அழித்துவிட்டு மறுபடி பிடித்தார். அப்புறம் சொன்னேன். அவள் பெயரைச் சொன்னேன். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை, சம்பளம் பதினெட்டாயிரம், ஞாயிறு லீவு, லிஃப்ட் உண்டு. ரயிலில் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். பயப்படுவாள். சில நேரம் அடிப்பாள். பயத்தில் அடிக்கிறாளே தவிரக் கெட்டவள் இல்லை. எனக்கு எழுபத்தாறு, என்னால் தூக்க முடியவில்லை. எந்தப் பேப்பரும் கொண்டுவர வேண்டாம். கடைசியில் என் போன் நம்பரைச் சொன்னேன். இரண்டு நிமிஷம் பத்து விநாடி. அதை அவர் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

5

வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது.

"அண்ணாச்சி, ரெக்கார்டுல பேசுனது நீங்கதானா? அக்கா அடிப்பாகன்னு சொன்னீகளே. கையாலயா, சாமான வச்சா?"

"கையால்தான். ஒரே ஒரு தரம் டம்ளர்."

"டம்ளருன்னா பரவால்ல. எம் மாமியா அரிவாமணைய எடுப்பாக."

அவள் பெயர் மைதீன் பாத்து. கடையநல்லூர்ப் பக்கத்துக் குடும்பம், தாராவியை ஒட்டிய லேபர் கேம்பில் இரண்டு தலைமுறை. கணவர் தோல் பை தைக்கிறவர். படுத்துக் கிடந்த மாமியாரை நான்கு வருஷம் பார்த்தவள். என் தாளில் இருந்த முன் அனுபவம் என்ற நிபந்தனைக்கு அது பொருந்துமா என்று ஆபீசில் கேட்டிருந்தால், சான்று இல்லை என்று ஒதுக்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 11, திங்கட்கிழமை, எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தாள். செண்பகம் ஜன்னலோரம் இருந்தாள்.

"இந்த வண்டி எப்பம் நிக்கும்?"

பாத்து செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "இப்பத்தான சோலாப்பூரு தாண்டுச்சு. திருநேலிக்கு இன்னும் நேரம் கெடக்குக்கா."

"நீ எங்க எறங்குத?"

"ஒங்க கூடத்தான்."

"டிக்கட்டு?"

"அண்ணாச்சி வச்சிருக்காக."

செண்பகம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினேன். பாத்து இட்லியைப் பாலில் கரைத்துக் கரண்டியை நீட்டினாள்; செண்பகம் அதை முகர்ந்து பார்த்தாள். "வீட்டுலருந்து கொண்டாந்ததா?" என்றாள். "பின்னே, ஸ்டேஷன்லயா வாங்குவேன்?" என்றாள் பாத்து. பத்தொன்பது கரண்டி. நான் சமையலறைக்குள் போய்ச் சும்மா நின்றேன்.

6

எங்கள் கட்டடச் சொசைட்டியில், வீட்டு வேலைக்கு வருகிற எல்லோரையும் போலீசில் பதிவு செய்து கேட்டில் பாஸ் வாங்க வேண்டும். மூன்று வாரம் தற்காலிக பாஸ். அதற்குப் பிறகு பதிவு இல்லையென்றால், வேலையாள் உள்ளே வருகிற ஒவ்வொரு நாளுக்கும் வீட்டுக்காரருக்கு அபராதம்.

ஸ்டேஷனுக்கு மூன்று முறை போனேன். முதல் முறை, கம்ப்யூட்டரில் போடுங்கள் என்றார்கள். மீனா போட்டாள், உள்ளூர் முகவரிச் சான்று இல்லாமல் அது நகரவில்லை. இரண்டாம் முறை, அந்த அதிகாரி பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். மூன்றாம் முறை ஓர் இளைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாபா, காகஸ் லாவோ, பாஞ்ச் மினிட் கா காம் ஹை" என்றார். காகிதம் கொண்டு வந்தால் ஐந்து நிமிஷ வேலைதான். அது எனக்கும் தெரியும்.

பாத்துவிடம் சொன்னேன்.

"கார்டு எம் மாமியா பேருல இருக்கு அண்ணாச்சி. அவுக மவுத்தாகி ஆறு வருசம். என் ஆதாரு ஊரு அட்ரஸ்ல. கணக்கெடுப்பு முடியுற வரைக்கும் ஒரு ஜெராக்ஸுகூட வெளிய போகப்படாதுன்னு வீட்டுல அவுக சொல்லிட்டாக. ரூமு போச்சுன்னா நாங்க அஞ்சு பேரும் எங்க போவோம்?" பிறகு அவளே, "நான் நாளைலருந்து நின்னுக்கிடட்டுமா?" என்றாள்.

செகரட்டரியைப் போய்ப் பார்த்தேன். என் மகள் வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். "அங்கிள், ரூல் எல்லாருக்கும் ரூல்" என்றார். விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் அபராதம் என்று இருந்தது. உள்ளே விடக்கூடாது என்று எந்த இடத்திலும் எழுதவில்லை. அதைக் காட்டினேன்.

"அபராதம்னா தண்டனை அங்கிள். கட்டிட்டு உள்ள வர்றதுக்கு அது டிக்கெட் இல்ல."

"அப்படி இதில் எழுதவில்லையே" என்றேன். அவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதத் தெரியாதவர்கள் எழுதிய விதி. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்குச் சந்தோஷப்பட்டேன்.

செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அபராதம் ஓடியது. பாத்துவிடம் சொல்லவில்லை. காய்ச்சலோடு வந்த இரண்டு நாளும் சேர்த்து, ஞாயிறு தவிர ஒரு நாளும் அவள் தவறவில்லை. வண்டி குண்டக்கல் தாண்டியது, ரேணிகுண்டா தாண்டியது, திரும்பவும் சோலாப்பூருக்கு வந்தது. எடை நாற்பது கிலோ ஆயிற்று. குழாய் வேண்டாம் என்றார் டாக்டர். அக்டோபர் கடைசியில் விழுங்குவதே மறந்துபோயிற்று. அதற்கு எந்த மொழியும் உதவாது என்று அவரே சொன்னார். பிறகு மார்ச்சளி.

நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே கால் மணிக்குச் செண்பகம் போய்விட்டாள். மீனா கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூக்கில் குழாய் இல்லை, கையில் கட்டு இல்லை. இதைத் தவிர எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

லீவு நாள், இருந்தும் பதினொரு மணிக்குப் பாத்து வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"அக்காவுக்குத் தல சிக்கா இருக்கே. நான் தொடலாமா அண்ணாச்சி?"

"நேத்து வரைக்கும் யாரு தொட்டா?" என்றேன்.

அவள் எண்ணெய் வைத்து வாரி முடிந்துவிட்டாள். மீனா சீப்பை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். அம்மா தலையை வாரிவிட அவளுக்குத் தெரியவில்லை என்று பிறகு சொன்னாள்.

ஆபீசில் ஓர் இடம் நிரம்பினால் விளம்பரத்தின் மேல் ஒரு முத்திரை குத்தி ஃபைலை மூடுவோம். குரலுக்கு முத்திரை குத்த முடியவில்லை. அந்த இரண்டு நிமிஷம் பத்து விநாடி இன்னும் யாருடைய போனிலிருந்தோ யாருடைய போனுக்கோ போய்க்கொண்டிருக்கிறது. நவம்பருக்குப் பிறகு இருபத்தாறு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லோரும் நல்ல தமிழ் பேசுகிறவர்கள். எல்லோரும் பொருத்தமானவர்கள். "அந்த அக்கா இப்பம் சாப்பிடுதாகளா?" என்று கேட்கிறார்கள். சில பேருக்கு வேலையே வேண்டாம், இதைக் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள். இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

ஜனவரியில் சொசைட்டி பில் வந்தது. நான் நாட்காட்டியில் எண்ணி வைத்திருந்தது அறுபது நாள். பில்லில் அறுபத்தொன்று இருந்தது. செகரட்டரியிடம் கொண்டுபோனேன். அவர் கேட் பதிவைப் பார்த்தார். கூடுதலாக இருந்த ஒன்று, நவம்பர் ஒன்பதாம் தேதி காலை பதினொரு மணி இரண்டு நிமிஷத்துக்குப் பதிவாகியிருந்தது.

அவர் முகம் மாறிவிட்டது. "ஸாரி அங்கிள். அது மெஷின் தானா சேர்த்தது. அந்த சண்டேவ எடுத்துடறேன். வேணும்னா மொத்தத்தையும் கமிட்டில பேசிப் பார்க்கலாம்."

வேண்டாம், அன்றும் அவள் வேலைக்குத்தான் வந்தாள் என்றேன். காசோலையை அங்கேயே எழுதினேன். அறுபத்தொரு நாள், நாளொன்றுக்கு ஐந்நூறு வீதம், முப்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.